கலப்பு முறைமைகள் பாடத்தை இரண்டாம் தடவை படித்த விதம்

தொடர் இயக்கமும் பின்னகத் தாவல்களும் கலந்த முறைமைகள் பற்றிய பரீட்சையை முதற்தடவை எழுதியபோது, வகையீட்டுச் சமன்பாடுகளை எல்லாம் சரியாகத் தீர்த்திருந்தும் பாதிப் புள்ளிகளை இழந்தேன். ஒரு சமன்பாட்டிலிருந்து மற்றொன்றுக்கு முறைமை எப்போது தாவலாம், எப்போது தாவியே ஆகவேண்டும் என்பதே இப்பாடத்தின் உயிர் என்பது, யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக் கிணற்று மோட்டரையும் மேல்தாங்கியையும் ஓட்டோமேட்டனாக, அதாவது நிலைகளும் அவற்றுக்கிடையிலான தாவல்களும் கொண்ட வரைபடமாக, வரைந்து பார்த்த பின்னர்தான் விளங்கியது.

மோட்டர் நிற்கும்போது தாங்கியின் மட்டம் இறங்கிக்கொண்டே வரும். மட்டம் 0.3 மீற்றரோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் மோட்டர் ஓடத் தொடங்கலாம் என்பது காவல் நிபந்தனை. நிற்கும் நிலையில் மட்டம் 0.2 மீற்றருக்குக் கீழே போகக்கூடாது என்பது மாறா நிபந்தனை. முன்னையது அனுமதி, பின்னையது கட்டாயம் என்பதால், இவ்விரு மட்டங்களுக்கும் இடையில் எக்கணத்திலும் தாவல் நிகழலாம். நானோ இரண்டு எண்களையும் இடம்மாற்றி எழுதியிருந்தேன். அப்போது மட்டம் 0.3 ஐ அடைந்ததும் நேரமும் நகர முடியாது, தாவவும் அனுமதி இல்லை. மாதிரி அங்கேயே அடைபட்டு நிற்கும். மோட்டரைத் தொடக்குவதற்கும் நிறுத்துவதற்கும் ஒரே மட்டத்தை வைப்பதும் தவறே. மோட்டரின் மின்னாளியான றிலே ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கும்.

துள்ளும் பந்தை உயர்தர இணைந்த கணிதத்திலேயே செய்திருப்பீர்கள். 5 மீற்றர் உயரத்திலிருந்து விழும் பந்துக்கு மீளமைவுக் குணகம் 0.5 (ஒவ்வொரு மோதலிலும் வேகம் பாதியாகும்), புவியீர்ப்பு ஆர்முடுகல் 10 என்று கொண்டால், முதல் விழுகைக்கு 1 செக்கன், அடுத்த துள்ளல்களுக்கு 1, 0.5, 0.25 என்று நேரம் பாதியாகிக்கொண்டே போகும். கூட்டினால் 3 செக்கன். அந்த 3 செக்கனுக்குள் முடிவிலித் தாவல்கள் அடங்குவதையே சீனோ நடத்தை என்கிறார்கள். சிமுலிங்க் என்ற உருவகப்படுத்தல் மென்பொருளில் ஓட்டியபோது, அந்த நேரத்தை நெருங்கியதும் பிழைச் செய்தியுடன் நின்றதைக் கண்டு என் நிரலில்தான் குற்றம் என்று ஓர் இரவு முழுவதும் தேடினேன்.

உறுதிநிலை வினாவில், தனித்தனியே உறுதியான (குழப்பினாலும் சமநிலைக்குத் திரும்பும்) இரண்டு நேர்கோட்டு முறைமைகளை மாற்றி மாற்றி இயக்கினால் அவை உறுதியிழக்கக்கூடும் என்பதை முதலில் எழுதுங்கள். இரண்டுக்கும் பொதுவான லியாப்புனோவ் சார்பு (முறைமை இயங்க இயங்கச் சக்தியைப் போலக் குறைந்துகொண்டே போகும் சார்பு) கிடைத்தால் அத்துடன் வேலை முடிந்தது. கிடைக்காவிட்டால், ஒவ்வொரு நிலையிலும் போதிய நேரம் தங்கியிருந்த பின்னரே மாறவேண்டும் என்ற நிபந்தனையை வைத்து நிறுவலாம்.