அளவு எழுதாத ஆணையால் சாய்தளம் வராது

மாற்றுத்திறனாளிகள் உரிமைக்காகப் போராடியவர் அரசுப் பணிக்குப் போனால், ‘விலைபோய்விட்டார்’ என்று சொல்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சட்டம் நிறைவேறிய பிறகும் பாதி வேலை மிச்சமிருக்கும். அது கோப்புகளில் நடக்கும் வேலை.

அமெரிக்காவில், மத்திய அரசின் நிதி பெறும் எந்தத் திட்டத்திலும் மாற்றுத்திறனாளிகளை ஒதுக்கக் கூடாது என்ற 504-ஆம் பிரிவு 1973-லேயே சட்டமாகிவிட்டது. விதிகள்தான் வரவில்லை. யார், எதை, எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும் என்று கேட்கப் பிடிமானம் இல்லாமல் நான்கு வருடம் ஓடியது. 1977 ஏப்ரல் 5 அன்று சான் பிரான்சிஸ்கோவில் சுகாதார, கல்வி, நலத்துறை அலுவலகத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்டோர் போய் உட்கார்ந்துவிட்டார்கள். தொலைபேசி துண்டிக்கப்பட்டதும், காது கேளாதவர்கள் ஜன்னலில் நின்று சைகை மொழியில் வெளியே சேதி சொன்னார்கள். ஏப்ரல் 28-ல் அந்தத் துறையின் அமைச்சர் ஜோசப் கலிஃபானோ விதிகளில் கையெழுத்திட்டார். போராட்டத்தை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான ஜூடி ஹ்யூமன், 1993-ல் கல்வித்துறை உதவிச் செயலாளர்களில் ஒருவராகப் பொறுப்பேற்றார்.

இப்படி அரசுக்குள் போகிறவர் கையில் முதலில் ஓர் அளவு டேப் இருக்க வேண்டும். ‘தகுந்த வசதி செய்து தரப்பட வேண்டும்’ என்று மட்டும் ஆணை போட்டால், படிக்குப் பக்கத்தில் ஒரு சிமென்ட் சரிவைப் பூசிவிட்டு வேலை முடிந்ததாகக் கணக்கு எழுதிவிடுவார்கள்.

அமெரிக்க விதிப்படி சாய்வு 1:12-ஐத் தாண்டக் கூடாது; அதாவது, ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம். 15 செ.மீ. படி மூன்று என்றால் உயரம் 45 செ.மீ.; சாய்தளத்தின் நீளம் குறைந்தது 5.4 மீட்டர். இடமில்லை என்று 2 மீட்டரில் முடித்தால், ஏறும்போது சக்கர நாற்காலி பின்பக்கம் சாயும்; இறங்கும்போது வேகத்தைக் கையால் பிடித்து நிறுத்த முடியாது. அகலம் 91.5 செ.மீ., இருபக்கமும் கைப்பிடி, மேலேயும் கீழேயும் 152.5 செ.மீ.-க்குக் குறையாத நீளமுள்ள சமதளம். பெரும்பாலும் கோட்டைவிடுவது மேலே உள்ள சமதளத்தைத்தான். அங்கே கதவு வெளிப்பக்கமாகத் திறந்தால், சரிவில் நின்றபடி ஒரு கையால் கதவை இழுக்க, நாற்காலி பின்னால் உருளும். கதவின் அகலத்தை நிலையின் இரு விளிம்புக்கு நடுவே அளப்பதும் தப்பு. கதவை 90 டிகிரி திறந்து, அதன் முகத்திலிருந்து எதிர்ப்பக்க நிலை வரை அளந்தால் 81.5 செ.மீ. வர வேண்டும்.

இந்த எண்கள் ஒப்பந்தப்புள்ளியிலேயே இருக்க வேண்டும். பொறுப்பு அதிகாரியின் பதவி, முடிக்க வேண்டிய தேதி, எந்தக் கணக்குத் தலைப்பில் பணம் என்பதும் ஆணையிலேயே வர வேண்டும். கடைசித் தவணையை விடுவிக்கும் முன், சக்கர நாற்காலி பயன்படுத்தும் ஒருவர் யார் உதவியும் இல்லாமல் ஏறி, கதவைத் திறந்து, உள்ளே போய், திரும்பி இறங்கிப் பார்க்கட்டும். முடிந்த வேலையின் அளவுகளைப் பதியும் அளவுப் புத்தகத்தில் பொறியாளர் கையெழுத்துக்குப் பக்கத்தில் அவர் கையெழுத்தும் வேண்டும்.