மருந்துப் பையை மேசையில் கொட்டச் சொல்லுங்கள்

சிங்கப்பூரில் ஹெல்தியர் எஸ்ஜி திட்டம் 2023 ஜூலையில் தொடங்கியதிலிருந்து, ஆளுக்கொரு குடும்ப மருத்துவர் என்பது இங்கே பழகிப்போன பேச்சாகிவிட்டது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் மருத்துவர் முன் நோயாளி உட்காருவது சில நிமிடங்கள். எந்த மாத்திரை எந்த டப்பாவில் கிடக்கிறது, எது பாதியில் நின்றது என்பதெல்லாம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சமையலறையில்தான் தெரியும். அங்கே போகிறவர்கள் சமூகத் தாதியரும் சில்வர் ஜெனரேஷன் தூதர்களும். தூதர்கள் தொண்டூழியர்கள், உதவித் திட்டங்களை விளக்குவார்கள், முதியவரின் நிலையை விசாரிப்பார்கள், சிகிச்சை தரமாட்டார்கள். தாதியின் வேலை அதற்கு அடுத்த கட்டம்.

தமிழ் வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது மருந்துப் பை. பலதுறை மருந்தகத்தில் கொடுத்தது, ஊருக்குப் போனபோது வாங்கியது, பக்கத்து வீட்டுக்காரர் தந்தது, எல்லாவற்றையும் மேசையில் கொட்டி நோய்வாரியாகப் பிரிக்க வேண்டும். இங்குள்ள பொட்டலத்தில் மெட்ஃபார்மின் என்றிருக்கும். சென்னையில் வாங்கிய அட்டையில் கிளைகோமெட் என்றிருக்கும். இரண்டும் ஒரே சர்க்கரை நோய் மருந்து. கிளைகோமெட் ஜிபி என்றால் கூடவே கிளிமிபிரைடும் உண்டு. ஏற்கெனவே அதே வகை மருந்தான கிளிபிசைடு சாப்பிடுபவர் இதையும் சேர்த்துப் போட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். நோன்பு, விரத நாள்களில் இந்த ஆபத்து இன்னும் கூடும். வேளையையும் அளவையும் மாற்றுவது மருத்துவரின் பொறுப்பு; அதனால் நோன்பு தொடங்குவதற்குச் சில வாரம் முன்பே கேட்டுவிட வேண்டும்.

இரத்தச் சர்க்கரை 4.0-க்குக் (mmol/L) கீழே போனால் 15 கிராம் சர்க்கரை உடனே உள்ளே போக வேண்டும்: மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். சீனியில்லாத குளிர்பானத்தால் பயனே இல்லை. 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழையுங்கள். ஊரிலிருந்து வந்த சர்க்கரைக் கருவி 126 என்று (mg/dL அளவில்) காட்டினால் பதறவேண்டாம்; அந்த எண்ணை 18-ஆல் வகுத்தால் இங்குள்ள அளவு வந்துவிடும். 126 என்பது 7.0.

இரத்த அழுத்தம் பார்ப்பதில் அவசரம்தான் பெரிய எதிரி. வந்தவரை வரவேற்றுக் காப்பி குடித்த கையோடு பட்டையைக் கட்டினால் எண் கூடத்தான் செய்யும். காப்பி, சிகரெட் முடிந்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் படும்படி ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கை நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். பட்டை சிறியதாக இருந்தால் எண் கூடுதலாகக் காட்டும். பருமனான கைக்குப் பெரிய பட்டை கேட்டு வாங்குங்கள். காலை இரண்டு முறை, மாலை இரண்டு முறை என ஏழு நாள் எழுதி, முதல் நாளைத் தள்ளிவிட்டு மீதிக்குச் சராசரி எடுப்பது நம்பகமான முறை. வீட்டில் எடுத்த சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கேட்கும் விதத்திலும் பாதி வேலை இருக்கிறது. “மருந்து ஒழுங்கா சாப்பிடுறீங்களாம்மா?” என்றால் எல்லா அம்மாவும் ஆமாம் என்றுதான் சொல்வார். “இந்த வாரம் எத்தனை வேளை விட்டுப்போச்சு?” என்று கேட்டால் உண்மை வரும். மருமகளோ பேரப்பிள்ளையோ மொழிபெயர்த்தால் தலைசுற்றல், மலச்சிக்கல் போன்றவை பாதியில் விழுந்துவிடும். தமிழ் பேசும் தாதியோ தூதரோ கிடைப்பாரா என்று முன்கூட்டியே கேளுங்கள், இதில் கூச்சமே வேண்டாம்.

தாதி கண்டதை எழுதி மருத்துவருக்கு அனுப்புவார். மருத்துவர் சொல்லாமல் எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். வீட்டுக்கு யாரையாவது வரவழைக்க வேண்டுமென்றால் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பின் 1800-650-6060 எண்ணில் கேட்கலாம்.