ஏறும்போது இல்லை, இறங்கும்போது மட்டும்

"ஏறும்போது சத்தமே இல்லைங்க தம்பி. இறங்கும்போதுதான் வருது."

டீச்சர் காரை நிறுத்திவிட்டு, கதவைச் சாத்தும் முன்பே சொன்ன வாக்கியம் இது. ஏற்காடு மலையில் நாகலூர்ப் பக்கம் கொஞ்சம் காப்பித் தோட்டம் வைத்திருக்கிறார். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகிவிட்டாலும் மலையில் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். எனக்கும் அப்படித்தான். வண்டி ஏழு வருடம் ஓடிய ஒரு செடான். வாரம் இரண்டு தடவையாவது சேலம் வந்து திரும்பும்.

பின்பக்கம் இடது புறத்தில் 'டங்' என்று ஒரு சத்தம். எங்களிடம் வருவதற்கு மூன்று வாரம் முன்பு வேறொரு பட்டறையில் காட்டியிருக்கிறார். பின்னால் இரண்டு ஷாக் அப்சார்பரையும் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். மறுநாள் மலையிலிருந்து இறங்கினால் அதே சத்தம். பில்லை என் கையில் கொடுத்தார். அதோடு அங்கே எழுதிய ஜாப் கார்டின் நகலும் இருந்தது. 'வாடிக்கையாளர் புகார்' என்ற கட்டத்தில் இரண்டே வார்த்தை: ரியர் நாய்ஸ்.

அந்த இரண்டு வார்த்தையைப் பார்த்ததும் எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. "அங்கேயும் இதேதான் சொன்னீங்களா டீச்சர், இறங்கும்போதுன்னு?" என்று கேட்டேன். "வார்த்தை மாறாம சொன்னேனே" என்றார். சொன்னதை எழுதுகிறவர் சுருக்கிவிட்டார். வண்டிக்கு அடியில் படுத்த பையனுக்குப் போய்ச் சேர்ந்தது 'பின்னால் சத்தம்' மட்டும்தான். பின்னால் சத்தம் என்றால் கை முதலில் ஷாக்குக்குத்தான் போகும். ஆனால் இறங்கும்போது மட்டும் என்ற பாதி அவனுக்குக் கிடைத்திருந்தால், ஒரு நிமிடம் நின்று யோசித்திருப்பான்.

எங்கள் பட்டறை கோரிமேட்டைத் தாண்டி ஏற்காடு ரோட்டில் இருக்கிறது. வருகிற வண்டிகளில் பாதிக்கு மேல் மலை ஏறி இறங்குபவை. சேலம் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1500 மீட்டர். நடுவில் இருபது கொண்டை ஊசி வளைவு. இந்த ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு ஏறுவது ஒரு வேலை, இறங்குவது முற்றிலும் வேறு வேலை. ஏறும்போது பாரம் பின்னுக்குச் சாயும். பின் ஸ்பிரிங்குகள் அமுங்கி, இருக்கிற இடத்தில் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். இறங்கும்போது, அதுவும் வளைவுக்கு முன்னால் பிரேக் பிடிக்கும்போது, பாரம் அத்தனையும் முன்னால் போய்விடும். பின்பக்கம் லேசாகி ஸ்பிரிங் நீளும். அமுங்கியிருக்கும்போது அசையாமல் கிடந்த ஏதோ ஒன்று, அமுக்கம் விட்டதும் அசைகிறது. டீச்சர் சொன்ன வாக்கியத்தில் இவ்வளவும் இருக்கிறது.

இதை எனக்குப் பழக்கிவிட்டவர் என் மேஸ்திரி. 1990களில் அவரிடம் நான் எடுபிடியாகச் சேர்ந்தபோது வந்ததெல்லாம் அம்பாசடர்தான். பின்னால் ஸ்பிரிங்காக இருந்தது கமான் பட்டை. சங்ககிரி, நாமக்கல் லாரிகளுக்கு இருப்பது போலவே, அளவில் சிறியது. பட்டை ஒன்று முறிந்தால் குனிந்து பார்த்தாலே தெரியும். வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். அப்படிக் கண்ணுக்கு எதிரே எல்லாம் தெரிந்த அந்தக் காலத்திலும் அவர் வண்டியைத் தொடும் முன் ஓட்டுகிறவரைப் பேசவிடுவார். காலையிலா, மதியமா? ஆள் ஏறினாலா, காலி வண்டியிலா? இடது வளைவிலா, வலது வளைவிலா? சத்தம் எங்கே வருகிறது என்று அவர் கேட்டதே இல்லை. உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு இடம் சரியாகத் தெரியாது. இரும்பு வழியாகச் சத்தம் எங்கெங்கோ ஓடும். நேரம் மட்டும் யாருக்கும் தப்பாது.

சரி, முதலில் டிக்கியைக் காலி செய்தோம். ஸ்டெப்னி, ஜாக்கி, இரண்டு தேங்காய், ஒரு குடை, மடித்து வைத்த காலிச் சாக்குகள். டிக்கியில் உருளுகிற ஒரு ஸ்பேனர் ஒரு வாரம் அலையவிட்டுவிடும். அதனால் இதை நான் விடுவதே இல்லை. சைலன்சர் தொங்குகிற ரப்பர்களையும் ஒரு தடவை ஆட்டிப் பார்த்தேன். அப்புறம் எங்கள் பட்டறைப் பையனைப் பின் சீட்டில் இடது ஓரமாக உட்காரவைத்து, காதைச் சாய்மானத்தோடு ஒட்டி வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அடிவாரம் வரை ஒன்றும் இல்லை. வழியில் இருந்த வேகத்தடை அத்தனையிலும் இறக்கினேன், ஒன்றும் இல்லை. ஷாக் மாற்றியவர்கள் இந்தச் சமதளத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் சரியாகிவிட்டது என்று கொடுத்திருப்பார்கள். மலை ஏறினோம். எட்டு வளைவு வரை சத்தமே இல்லை. அகலமான இடமாகப் பார்த்துத் திருப்பினேன்.

இரண்டாவது கியரில் இறங்கி, முதல் இடது வளைவுக்கு முன்னால் பிரேக்கில் கால் வைத்தேன். 'டங்'. ஒரே ஒரு தடவை.

"பூட்டு திறக்கிற மாதிரி இருக்குங்கண்ணா" என்றான் பையன்.

நல்ல காது அவனுக்கு. ஷாக்கின் புஷ், அதாவது அதை மாட்டுகிற இடத்து ரப்பர் வளையம், தேய்ந்திருந்தால் சின்னச் சின்னக் குழியில்கூட 'டக் டக்' என்று அடித்துக்கொண்டே வரும். பின் சக்கரங்களை இணைக்கிற பீமின் பெரிய ரப்பர் புஷ் கிழிந்திருந்தால் பிரேக் பிடிக்கும்போது 'தும்' என்று அமுங்கின சத்தம். காதைவிட முதுகுக்குத்தான் முதலில் தெரியும். வீல் பேரிங் என்றால் வேகம் ஏற ஏற ஊளை ஏறும். இது எதுவும் இல்லை. இரும்பு இரும்பின் மேல் ஒரு தடவை நழுவி உட்காருகிற சத்தம். அடுத்த வலது வளைவில் வரவில்லை. அதற்கடுத்த இடது வளைவில் மறுபடி வந்தது. வண்டி இடது பக்கம் திரும்பினால் பாரம் வலது பக்கம் சாயும். பிரேக்கும் சேர்ந்தால் நான்கு சக்கரத்தில் இடது பின் சக்கரம்தான் மிகவும் லேசாக இருக்கும். ஆக, அந்தச் சக்கரத்தின் மேலே பாரம் குறைந்தால் கழன்று ஆடுகிற ஏதோ ஒன்று இருக்கிறது. மலை இறங்குவதற்குள் எனக்குப் பாதிக்கு மேல் பிடிபட்டுவிட்டது.

பட்டறைக்கு வந்ததும் லிஃப்டில் ஏற்றவில்லை. இங்கேதான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். வண்டியைத் தூக்கிவிட்டால் சக்கரங்கள் தொங்கும். நிற்கும்போது இருந்த நிலை போய்விடும். சமமான சிமென்ட் தரையில் நிறுத்தி, நான்கு டயரிலும் காற்றைச் சரிபார்த்து, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மேலே மட்கார்டின் விளிம்பு வரை டேப் வைத்து அளந்தேன். பின்னால் இடது பக்கம் வலதைவிட 14 மில்லிமீட்டர் குறைவு. கண்ணால் பார்த்தால் தெரியாத சாய்வு அது.

அதன் பிறகுதான் லிஃப்ட். இந்த மாதிரி செடான்களில் பின்னால் இருப்பது டார்ஷன் பீம். இரண்டு பக்கமும் ஒவ்வொரு கை, இரண்டையும் இணைக்கிற ஒரு குறுக்குச் சட்டம், முன்முனையில் பெரிய ரப்பர் புஷ். ஷாக் தனியாக நிற்கும், சுருள் ஸ்பிரிங் தனியாக ஒரு கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கும். ஷாக்கை மாற்றுகிறவர் ஸ்பிரிங்கைத் தொடவே வேண்டியதில்லை. அதனால்தான் அவர்கள் கண்ணில் இது படவில்லை.

இடது கிண்ணம் முழுக்கச் சேறு. ஐப்பசி மழையில் மலை ரோட்டில் அரைத்து வந்த செம்மண், காய்ந்து கெட்டியாகிப் போயிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் ஸ்பிரிங் முழுசாகத்தான் தெரிந்தது. வலது பக்கத்தோடு ஒப்பிட்டபோதுதான் கம்பியின் வால்முனை முடிகிற இடம் வேறாக இருந்தது. தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டு விரலை விட்டேன். ஆட்காட்டி விரல் நீளத்துக்கு வளைந்த ஒரு துண்டு, ரப்பர் இருக்கையின் மேல் தனியாகக் கிடந்தது. எடுத்துப் பையன் உள்ளங்கையில் வைத்தேன்.

"முறிஞ்ச முகத்தைப் பாரு."

வட்டமான அந்த முகத்தில் பாதிக்கு மேல் கறுத்த துரு. மீதி சர்க்கரையை உடைத்த மாதிரி பொடிப்பொடியாக மின்னியது. கறுத்த பகுதி பல மாதமாக மெல்ல மெல்ல விரிந்த கீறல். மின்னுகிற பகுதி, மிச்சமிருந்த இரும்பு தாங்க முடியாமல் ஒரே அடியில் முறிந்தது. ரப்பருக்கும் கம்பிக்கும் நடுவில் மண் போய் உட்கார்ந்து, ஒவ்வொரு குலுக்கலிலும் பெயின்டைத் தேய்க்கும். பெயின்ட் போன இடத்தில் மலைப் பனியின் ஈரம் தங்கும். துரு ஒரு சின்னக் குழி பறிக்கும். ஸ்பிரிங் அமுங்கும்போதெல்லாம் கம்பி உள்ளுக்குள் முறுக்கப்படுகிறது. அந்த முறுக்கு வந்து சேர்கிற இடம் அந்தக் குழிதான். அறுப்புக் காலத்தில் டீச்சர் டிக்கியில் காப்பி மூட்டை ஏற்றுவதும் உண்டு.

டீச்சரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத வெச்சுக்கிட்டா நான் இத்தன நாளா இறங்கினேன்?" என்றார். குரல் கொஞ்சம் தாழ்ந்துவிட்டது. துண்டு கிண்ணத்துக்குள்ளேயே கிடந்ததால் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, ஆனால் இப்படியே விடக்கூடாது என்று உள்ளதைச் சொன்னேன்.

ஸ்பிரிங்கை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஏழு வருடம் அமுங்கித் தளர்ந்த ஒன்றும் புதியதொன்றும் சேர்ந்தால் வண்டி நேராக நிற்காது. மேல், கீழ் ரப்பர் இருக்கைகளும் புதிது. வேலை பெரியதில்லை. பீமுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, ஷாக்கின் கீழ் போல்ட்டுகளைக் கழற்றி, பீமை மெல்ல இறக்கினால் ஸ்பிரிங் கையோடு வந்துவிடும். இறக்கும்போது பிரேக் ஹோஸும் ஹேண்ட் பிரேக் கேபிளும் இழுபடாமல் ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். புது ஸ்பிரிங்கின் முனை, இருக்கையில் இருக்கிற படியை ஒட்டிச் சரியாக உட்கார வேண்டும். அவ்வளவுதான்.

நான் அதிகம் பயப்படுவது கடைசி இறுக்கலுக்கு. ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றும்போதே பார்த்தேன்: புது ஷாக்தான், ஆனால் புஷ்ஷின் ரப்பர் ஒரு பக்கமாக இழுத்துச் சுருங்கியிருந்தது. சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கியிருக்கிறார்கள். அந்தத் தப்பு எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் நானே செய்திருக்கிறேன். தனியாகப் பட்டறை வைத்த புதிதில், தினமும் தர்மபுரிக்குப் போய்வருகிற ஒருவரின் காருக்குப் பீம் புஷ் இரண்டும் மாற்றினேன். லிஃப்டில் இருக்கும்போதே இறுக்கி இறக்கிவிட்டேன். மூன்று மாதத்தில் ரப்பர் கிழிந்து திரும்பி வந்தார். அந்த ரப்பர் உள் குழாயோடும் வெளிக் குழாயோடும் ஒட்டியிருப்பது. சுழலாது, முறுக்கிக்கொண்டு திரும்பும். தொங்குகிற நிலையில் உள் குழாயை இறுக்கிவிட்டால், வண்டி தரையில் நிற்கும்போதே ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு பள்ளமும் அதை இன்னும் முறுக்கும். அவருக்கு மறுபடி புது புஷ் என் செலவில் போட்டேன். அவர் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

அதனால் டீச்சர் வண்டியில் போல்ட்டுகளைக் கையால் முடுக்கிவிட்டு, சக்கரம் மாட்டி, அடியில் நின்று வேலை செய்கிற குழி மேல் இறக்கி, பின்பக்கத்தை நாலைந்து தடவை அமுக்கி விட்டு, வண்டி தன் பாரத்தில் நின்ற பிறகுதான் இறுக்கத்தை அளந்து முடுக்குகிற டார்க் ரெஞ்ச் எடுத்தோம். இறுக்கியது பையன். மேனுவலில் உள்ள அளவில் 'க்ளிக்' கேட்டதும் நிறுத்தினான். மறுபடி டேப் வைத்தோம். இரண்டு பக்கமும் 2 மில்லிமீட்டருக்குள் வந்துவிட்டது.

சாயங்காலம் டீச்சரே ஓட்டினார், நான் பின் சீட்டில். ஏற்காடு ஏரி வரை போய்த் திரும்பினோம். இறங்கும்போது இடது வளைவு வந்தாலே அவர் தோள் இறுகுவது பின்னாலிருந்து தெரிந்தது. வண்டியை நடை வேகத்துக்குக் கொண்டுவந்துதான் திருப்பினார். இரண்டு மூன்று வளைவு அப்படிப் போனது. எதுவும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு தோள் இறங்கியது, வண்டி ஒரே சீராகத் திரும்ப ஆரம்பித்தது. அடிவாரம் வந்த பிறகுதான் இருவரும் பேசினோம்.

அன்று முதல் எங்கள் ஜாப் கார்டில் புகார் கட்டத்தைப் பெரிதாக்கி, வண்டிக்காரர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுகிறோம். எழுதுவது பையன் வேலை. கையெழுத்து சுமார்தான், ஆனால் ஒரு சொல்லையும் விடுவதில்லை.

போன வாரம் டீச்சர் போன் செய்தார். காப்பி அறுப்பு முடிந்துவிட்டதாம், மூட்டை ஏற்றி இறக்கியும் பின்னால் ஒரு சத்தமும் இல்லையாம். "ஆனா தம்பி, வீட்டு வாசல் சரிவுல நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் முன்னெல்லாம் ஆறு க்ளிக்ல பிடிக்கும். இப்ப ஒம்பது ஆகுது. சமதளத்துல எட்டு."

பையனிடம் போனைக் கொடுத்து, அப்படியே எழுதிக்கொள்ளச் சொன்னேன். வியாழக்கிழமை வண்டி வருகிறது.