தாலி கட்டும்போது கேமரா யார் கையில் இருக்கும்?

கல்யாண போட்டோகிராபரைப் பார்க்கப் போனால் உட்கார்ந்ததும் மடியில் ஆல்பத்தை வைத்துவிடுவார்கள். கனத்த அட்டை, வழுவழுப்பான தாள், கடற்கரைச் சாலையில் காற்றில் பறக்கும் சேலையோடு ஒரு ஜோடி. அதைப் புரட்டி முடிப்பதற்குள் பாதிப் பேர் முன்பணத்தை எடுத்து நீட்டிவிடுகிறார்கள். அது பல கல்யாணங்களிலிருந்து பொறுக்கிச் சேர்த்த படங்கள். உங்கள் வீட்டில் நடக்கப்போவதோ விடிகாலை 4:30 – 6 முகூர்த்தம், மண்டபத்துக் குழல்விளக்கு, ஓமப்புகை, மேடை நிறையச் சொந்தக்காரர்கள். ஆல்பத்தை மூடி ஓரமாக வைத்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.

முதல் கேள்வி: அன்றைக்கு வரப்போவது யார்? வைகாசியிலோ ஆவணியிலோ ஒரு நல்ல முகூர்த்த நாளில் கடலூரை அடுத்த திருவந்திபுரம் மலைக் கோயிலில் எத்தனை ஜோடிகள் வரிசையில் நிற்கின்றன என்று பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கடலூர், பண்ருட்டி, புதுச்சேரி எல்லா மண்டபமும் அதே நாளில்தான் நிறையும். ஒரே ஸ்டுடியோ அன்று மூன்று நான்கு இடங்களுக்கு ஆள் அனுப்பும். போதாததற்கு வெளியூரிலிருந்து நாள் சம்பளத்துக்கு ஆள் எடுக்கும். அதில் தப்பே இல்லை. ஆனால் ஆல்பம் காட்டியவர் ஒருவர், மேடையில் நிற்பவர் வேறொருவர் என்றால், நிற்கப்போகிறவருடைய படங்களைத்தான் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கேண்டிட் (போஸ் கொடுக்காமல் இயல்பாக விழும் படம்) எடுப்பவர் யார், ட்ரெடிஷனல் (நிற்கவைத்து எடுக்கும்) போட்டோ யார், வீடியோ யார் என்று மூன்று பெயரையும் வாங்கி ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். "நம்ம பசங்கதான் வருவாங்க" என்பது பதில் ஆகாது.

அடுத்து, அதே ஆள் எடுத்த ஒரே கல்யாணத்தை முழுசாகக் காட்டச் சொல்லுங்கள். அந்த வீட்டார் சம்மதத்தோடு, வீட்டாருக்கு எடிட் செய்து கொடுத்த 500, 600 படங்களும் அப்படியே. விடிகாலை முகூர்த்தமாக இருந்தால் இன்னும் நல்லது. அதில் மூன்று விஷயம் கவனியுங்கள். தாலி கட்டும் நேரத்தில் முடிச்சு தெரிகிறதா, அல்லது யாரோ ஒரு மாமாவின் முதுகு தெரிகிறதா? வேட்டி வெள்ளையாக இருக்கிறதா, நீலம் பாய்ந்திருக்கிறதா? பெண்ணின் நிறம் கழுத்திலும் கையிலும் முகத்திலும் ஒன்றாக இருக்கிறதா? மாநிறத்துப் பெண்ணை எடிட்டிங்கில் வெளுத்த மாவு போல ஆக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. "ஸ்கின் டோனை மாற்றக் கூடாது" என்று முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு சொன்னால் ஆல்பம் அச்சாகியிருக்கும்.

வெளிச்சம் பற்றி நிறையக் கேட்க வேண்டும், ஏனென்றால் படம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். தை மாதத்தில் இங்கே சூரியன் உதிக்கவே 6:30 ஆகிவிடும். ஆகவே 6 – 7:30 முகூர்த்தமானாலும் பாதிச் சடங்கு இருட்டில்தான். மேடை அலங்காரக்காரர் ஊதாவும் சிவப்புமாகப் பார் லைட் என்னும் கலர் விளக்குகளைப் போட்டிருப்பார். வரவேற்புக்கு அது எடுப்பாக இருக்கும். மறுநாள் காலையில் அணைக்காமல் விட்டால் மணமக்கள் முகம் கத்தரிப்பூ நிறத்தில் விழும், எடிட்டிங்கில் முழுதாகச் சரிசெய்ய முடியாது. யார் அணைக்கச் சொல்வது, போட்டோகிராபரா நீங்களா என்று அப்போதே முடிவுசெய்யுங்கள். பின்னால் எல்இடி ஸ்கிரீன் வைப்பதாக இருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஷட்டர் வேகத்தை 1/50, 1/100 என்று வைக்காமல் கண்டபடி ஏற்றினால் மலிவான எல்இடி விளக்குகளுக்குக் கீழே படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். ஸ்கிரீனுக்கு அதற்கென்று தனியாகச் சரிபார்க்க வேண்டும். "எங்க மண்டபத்துல எடுத்திருக்கீங்களா அண்ணா?" என்று கேட்டால், எடுத்தவர் உடனே மேடை எந்தப் பக்கம், ஓமகுண்டம் எங்கே, எந்தத் தூண் மறைக்கும் என்று சொல்லத் தொடங்கிவிடுவார். எடுக்காதவர் ஒருநாள் முன்னால் வந்து பார்ப்பாரா என்று கேளுங்கள்.

நேரக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். முதல்நாள் வரவேற்பு இரவு 10, 11 வரை போகும். 4:30 முகூர்த்தமென்றால் பெண்ணுக்கு அலங்காரம் 2 மணிக்கே ஆரம்பம். அதே ஆள் இரண்டையும் எடுத்தால் நடுவில் மூன்று மணி நேரத் தூக்கம்தான். மண்டபத்திலேயே தங்குவார்களா, பூட்டுள்ள ஓர் அறை வேண்டுமா, பேட்டரி சார்ஜ் போட இடம் உண்டா? அறை கொடுப்பது நம் பொறுப்பு. சாப்பாடும் அப்படித்தான். தாலி கட்டி முடிந்ததும் டிபன் பந்திக்கு அவர்கள் நகர்ந்துவிட்டால் அம்மி மிதிப்பதும் அருந்ததி காட்டுவதும் ஒரே கேமராவில் பாதியாக நிற்கும். மாற்றி மாற்றிச் சாப்பிடச் சொல்லுங்கள். பெண் உடுத்தும் அறையில் எடுக்கப் பெண் போட்டோகிராபர் வேண்டுமென்றால், நிக்காஹ் போன்ற இடங்களில் பெண்கள் பக்கத்துக்குத் தனியாக ஆள் வேண்டுமென்றால், அதையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். கடைசி வாரத்தில் ஆள் கிடைக்காது.

சடங்குப் பட்டியலை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பந்தக்கால், நலங்கு, தாய்மாமன் பட்டம் கட்டுவது, பாத பூஜை, கூறைப் புடவை கொடுப்பது என்று சாதிக்கும் ஊருக்கும் வரிசை மாறும். போட்டோகிராபருக்குத் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். ஐயருக்கும் அவருக்கும் நடுவே ஓர் ஆளை, பெண் வீட்டிலிருந்து அத்தையோ சித்தப்பாவோ, நிற்க வைத்தால் யாரை எடுக்க வேண்டும் என்று காட்டுவார்கள். இரண்டு வீட்டாரும் தனித்தனிக் கேமராக்காரர்களை வைத்திருந்தால், அவர்களை முன்கூட்டியே போனில் பேசவிடுங்கள்: மாப்பிள்ளை பக்கம் இவர், பெண் பக்கம் அவர். பேசாவிட்டால் தாலி நேரத்தில் ஆறு பேர் மணமக்களைச் சுவர்போல் சூழ்ந்துகொள்வார்கள், கீழே உட்கார்ந்திருக்கும் ஊர் எதையும் பார்க்காது.

கோயிலிலோ தேவாலயத்திலோ கல்யாணம் என்றால் அனுமதி யார் வாங்குவது, கேமராவுக்குக் கட்டணம் உண்டென்றால் யார் கட்டுவது என்பது ஒரு வரிக் கேள்வி. சன்னிதிக்குள் படம் எடுக்க விடமாட்டார்கள். மாலை மாற்றும் படத்தைப் பிரகாரத்தில்தான் திட்டமிட வேண்டும்.

வெளிப்புறப் படப்பிடிப்புக்கு வருவோம். நம்முடையது கிழக்குக் கடற்கரை. கடலில் சூரியன் எழும், விழாது. 'சன்செட் பீச் ஷூட்' என்று இங்கே யாராவது சொன்னால் சிரித்துவிட்டு, காலை எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். கடலூர் சில்வர் பீச்சோ புதுச்சேரிக் கடற்கரைச் சாலையோ, உதயத்திலிருந்து ஒன்றரை மணி நேரம்தான் இதமான வெளிச்சம். மே, ஜூனில் 5:45 வாக்கிலேயே உதித்துவிடுவதால் 7:30க்கு மேல் கண் கூசும், மேக்கப் வழியும். கடற்கரைச் சாலையில் மாலை 6 முதல் காலை 7:30 வரை வண்டி விடுவதில்லை. உடை மாற்றும் வண்டியை எங்கே நிறுத்துவது என்பதையும் யோசிக்க வேண்டும். பிரெஞ்சு வீதிகளின் மஞ்சள் சுவர்கள் முன்னால் எடுத்த படம் எல்லா ஜோடியிடமும் இருக்கிறது. விருப்பமிருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் வீட்டு வாசலை மறித்துக்கொண்டு அல்ல.

ட்ரோன் பேக்கேஜில் 'இலவசம்' என்று இருந்தால் இரண்டு கேள்வி. 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைத் தொழிலுக்காகப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். அது யாரிடம் இருக்கிறது? புதுச்சேரி விமான நிலையம் லாஸ்பேட்டையில் இருப்பதால் அதைச் சுற்றி 8 கிலோமீட்டருக்குள் அனுமதியில்லாமல் பறக்கவிட முடியாது. அனுமதி யார் வாங்குவார்? பதில் இழுபறியாக இருந்தால் ட்ரோனை எடுத்துவிட்டு அந்தப் பணத்தில் இன்னொரு கேண்டிட் ஆளைக் கேளுங்கள்.

கேமரா பெயரைக் கேட்பதைவிட, இரண்டு மெமரி கார்டு போடும் கேமராவா என்று கேளுங்கள். இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிவானால் ஒன்று கெட்டாலும் கல்யாணம் தப்பிக்கும். கேனான் ஈஓஎஸ் ஆர், ஆர்பி, முதல் நிகான் இசட்6 ஆகியவற்றில் ஒரே கார்டுதான். சோனி ஏ7 த்ரீயில் இரண்டு. ஒரே கார்டு என்றால் சடங்குக்குச் சடங்கு மாற்றுவாரா, அன்றிரவே எத்தனை இடத்தில் நகல் எடுப்பார் என்று கேட்கவேண்டும்.

ரா டேட்டா, அதாவது எடிட் செய்யாத மூலப் படங்களும் வீடியோவும், கொடுப்பார்களா என்பதும் இங்கேயே பேச வேண்டியது. 4கே வீடியோ நொடிக்கு 100 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. இரண்டு நாளில் ஒரு கேமரா பத்து மணி நேரம் ஓடினால் 450 ஜிபி. சாதாரணப் பென்டிரைவில் அடங்காது, ஒன்றோ இரண்டோ டிபி ஹார்டு டிஸ்க் நீங்களே வாங்கிக் கொடுப்பது வழக்கம். எத்தனை மாதம் தங்களிடம் வைத்திருப்பார்கள் என்று எழுதி வாங்குங்கள். இன்ஸ்டாகிராமில் போடுவது பற்றியும். 1957 பதிப்புரிமைச் சட்டம் பிரிவு 17இன்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவரே, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை. அந்த 'வேறு ஒப்பந்தம்' பெரும்பாலும் ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கல்யாணத்தை யூடியூபில் லைவாக ஒளிபரப்பக் கேட்டிருந்தால், மண்டபத்து வைஃபையா அவர்கள் சிம்மா என்று கேளுங்கள். ஆயிரம் பேர் கூடினால் போன் சிக்னல் திணறும். ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு ஓடினால் யூடியூப் அதைத் தடுக்கவும் வாய்ப்புண்டு.

ஆல்பத்தில் சண்டை வருவது 'ஷீட்' என்ற ஒரு சொல்லில். 12க்கு 36 அங்குல அளவில் ஒரு ஷீட் என்பது விரித்தால் இரண்டு பக்கம். 40 ஷீட் என்றால் 80 பக்கம். சிலர் 40 பக்கத்தையே 40 ஷீட் என்று சொல்லிவிடுவார்கள். விரித்த ஒரு ஷீட்டுக்கு நான்கைந்து படம் என்று கணக்குப் போட்டால் 40 ஷீட்டுக்கு 160 முதல் 200 படம். கூடுதல் ஷீட்டுக்கு என்ன விலை, டிசைனில் எத்தனை முறை திருத்தலாம், தாள் கிழியாததா, விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று எழுதி வாங்குங்கள்.

பணத்தை மூன்றாகப் பிரியுங்கள்: தேதி பிடிக்கக் கொஞ்சம், கல்யாணத்தன்று பெரும்பங்கு, ஆல்பம் கைக்கு வந்ததும் மிச்சம். அந்த மிச்சம் 20 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால்தான் ஆல்பம் வேகமாக வரும். ஐப்பசி, கார்த்திகைத் தேதியென்றால் தள்ளிப்போட்டால் முன்பணம் என்னாகும் என்று கேட்காமல் எழுந்துவராதீர்கள். இங்கே அது புயல் காலம்: 2011 டிசம்பர் 30இல் 'தானே' புயல் கடலூர்ப் பக்கம் அடித்தது, 2024 நவம்பர் 30இல் 'ஃபெஞ்சல்' புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. தேதி மாறினால் அதே ஆள் அதே விலைக்கு வருவாரா, அவர் நிரம்பியிருந்தால் பணம் திரும்புமா?

ஆல்பம் தாமதமாவதற்குப் பாதிக் காரணம் நாம்தான். தேர்வுக்காக அவர்கள் அனுப்பும் எடிட் செய்யாத 3,000 படத்திலிருந்து 200ஐப் பொறுக்க இரண்டு வீட்டாரும் மாதக்கணக்காக இழுப்பார்கள். தேர்ந்தெடுக்கும் ஆளை, ஒரே ஒரு ஆளை, இந்தச் சந்திப்பிலேயே சொல்லி அவருடைய போன் எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.