காய்ச்சி வடித்த நீரும் ஒளிர்ந்தது

ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணையில் மதகைத் திறந்தால் நுரை மலைபோலக் குவிவதைப் பலரும் படத்தில் பார்த்திருப்பீர்கள். நந்தி மலையில் பிறந்து பெங்களூருவின் கழிவுநீரையும் சுமந்து வரும் தென்பெண்ணை, அங்கிருந்துதான் கிருஷ்ணகிரி அணைக்கு இறங்குகிறது. காவேரிப்பட்டினம் பக்கத்தில் எங்கள் நிலம் அந்த அணையின் பாசனத்தில் இருக்கிறது. நுரைக்குக் காரணம் சோப்புத்தூளில் உள்ள நுரைப்பொருள்கள். கழிவுநீரில் கரைந்து வரும் பாஸ்பேட் (பாஸ்பரஸும் ஆக்சிஜனும் சேர்ந்த அயனி) அப்படிக் கண்ணில் படாது. லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் பாஸ்பரஸ் இருந்தாலே தேங்கிய நீரில் பாசி மண்டிவிடும். அந்தப் பாஸ்பேட்டை அணைக்கரையிலேயே கண்டுபிடிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. எம்.எஸ்சி. வேதியியல் ஆய்வுக்கு இந்தத் தலைப்பைப் பிடிவாதமாகக் கேட்டு வாங்கினேன்.

நான் எடுத்த வழி, கார்பன் புள்ளிகள் எனும் ஒளிரும் மிக நுண்ணிய கரித்துகள்களைக் கொண்டு பாஸ்பேட்டை அளப்பது. அவற்றைத் தயாரிப்பதில் சிரமமே இல்லை. சிட்ரிக் அமிலத்தையும் எத்திலீன்டைஅமீனையும் நீரில் கரைத்து, டெஃப்லான் உறையிட்ட எஃகுக் கலத்தில் அடைத்து, 200 டிகிரியில் 5 மணி நேரம் வைத்தேன். ஆறியபின் திறந்தால் கஷாயம் போலப் பழுப்பு நீர். இருட்டில் 365 நானோமீட்டர் புறஊதா டார்ச்சை அடித்ததும் அதே நீர் நீலமாகச் சுடர்ந்தது. அதில் ஃபெரிக் குளோரைடைச் சொட்டினால், இரும்பு அயனிகள் புள்ளிகளின் மேற்பரப்பைப் பற்றிக்கொள்ள, ஒளி மங்கும். பாஸ்பேட் வந்தால் இரும்பைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும், ஒளி திரும்பும். எவ்வளவு திரும்புகிறது என்று அளந்தால் பாஸ்பேட்டின் அளவு தெரிந்துவிடும்.

ஆனால் எனக்கு எல்லாமே ஒளிர்ந்தது. அணை நீர் ஒளிர்ந்தது, குழாய் நீர் ஒளிர்ந்தது, காய்ச்சி வடித்த நீரும் ஒளிர்ந்தது. மூன்று வாரம் இரவில் தூக்கம் இல்லை. கடைசியில் பார்த்தால், 'பிஎச் 7' என்று மட்டும் எழுதி அலமாரியில் இருந்த தாங்கல் கரைசலே (பிஎச் மாறாமல் காக்க எல்லாக் குழாயிலும் சேர்ப்பது) பாஸ்பேட்டால் ஆனது! தேடிய பொருளை நானே ஒவ்வொரு குழாயிலும் ஊற்றியிருக்கிறேன். அசிடேட் தாங்கலுக்கு மாறினேன். சோப்புத்தூளை ஒதுக்கிவிட்டு, புட்டிகளை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவினேன். அதன்பிறகே பாஸ்பேட் இல்லாத வெற்று மாதிரி இருண்டது.

அணை நீர் அடுத்த பாடம் புகட்டியது. மாதிரியைக் கண்ணாடிப் புட்டியில் எடுத்து, 0.45 மைக்ரான் தாளில் வடிகட்டி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வருவேன். இரண்டு நாளுக்குள் அளந்தாக வேண்டும். ஒருநாள் ஏதோ தோன்றி, எதுவும் கலக்காத அணை நீரின்மேல் டார்ச்சை அடித்தேன். அதுவே மெல்லிய நீலமாக ஒளிர்ந்தது! இலையும் சருகும் மட்கிக் கரைந்த கரிமப் பொருள்களின் ஒளி அது. அதைக் கழிக்காமல் நான் எழுதிவைத்த எண்களை எல்லாம் அன்றே அடித்துவிட்டேன். அன்று முதல் அந்த ஒளியைக் கழித்துவிட்டு, அணை நீரிலேயே தெரிந்த அளவு பாஸ்பேட்டைப் படிப்படியாகக் கூட்டி, ஒளி எப்படி ஏறுகிறது என்று பார்த்துத்தான் கணக்கிடுகிறேன். இந்த வேலைக்கு வருகிறவர்கள் இதை முதல் நாளே செய்யுங்கள். ஆய்வகத்து நீரில் அளந்து வரைந்த, ஒளியைப் பாஸ்பேட் அளவாக மாற்றும் நேர்கோட்டை ஆற்று நீருக்கு நம்பக் கூடாது.

1962-இல் மர்ஃபியும் ரைலியும் வகுத்த, பாஸ்பேட்டை நீல நிறமாக்கி அளக்கும் மாலிப்டினம் நீல முறையோடு ஒப்பிட்டபோது என் எண்கள் ஏறக்குறைய மூன்று மடங்கு நின்றன. பயந்துபோனேன். பிறகுதான் புரிந்தது: அங்கே பாஸ்பரஸாகக் கணக்கு, எனக்குப் பாஸ்பேட்டாக. 3.07-ஆல் வகுத்ததும் இரண்டும் நெருங்கி வந்தன. நம்பகம் என்றால் இன்றைக்கும் அந்தப் பழைய முறைதான். ஆனால் அதற்குக் கந்தக அமிலமும், அன்றன்று புதிதாகக் கலக்க வேண்டிய வினைப்பொருளும் வேண்டும். டார்ச்சை மதகடிக்கே கொண்டுபோகலாம் என்பதால் என் முறையை விட எனக்கு மனமில்லை.

அப்பா ஒருநாள் கேட்டார்: "ஏம்மா, பாஸ்பேட் என்றால் நாம் போடுகிற டிஏபி உரம்தானே?" ஆமாம் என்றேன். மூட்டையில் 18-46 என்று அச்சிட்டிருப்பதில் அந்த 46 அதைக் குறிப்பதுதான் என்று காட்டினேன். கொஞ்ச நேரம் வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தவர், "அப்படியானால் அணையில் மட்டும் எடுக்காதே. நம் வயல் வடிகாலிலும் ஒரு புட்டி பிடி" என்றார்.

மறுநாள் காலையில் பிடித்தேன். புட்டியில் அப்பாவே தேதி எழுதி ஒட்டினார்.