இடது பக்க நாக்கு

இடது காதில் ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள், மாம்பலம் வீட்டில் அம்மா வைத்த மிளகு ரசத்தை ஒரு வாய் குடித்தேன். நாக்கின் வலது பக்கம் ரசம். இடது பக்கம், ஒரு ரூபாய் நாணயத்தை வாயில் அடக்கிக்கொண்டது போலத் துருச் சுவை. "என்னம்மா போட்டே இதுல?" என்று கத்திவிட்டேன். பாவம், அவள் முகம் சுருங்கிப்போனது.

சுவை நரம்பு காதுக்குள் ஓடுகிறது என்று எனக்கு யாரும் முன்பே சொல்லவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. அந்த நரம்புக்குக் கார்டா டிம்பனி என்று பெயர். செவிப்பறையை ஒட்டி, காதுக்குள் இருக்கும் குட்டி எலும்புகளான சுத்தி எலும்புக்கும் பட்டடை எலும்புக்கும் நடுவே நூல் மாதிரி போகிறது. நாக்கின் முன்புறம் மூன்றில் இரண்டு பங்குக்கு, அந்தப் பக்கத்துச் சுவை அதன் பொறுப்பு. எனக்குச் செய்தது போல, இறுகிப்போன அங்கவடி எலும்பின் (அதே வரிசையில் மூன்றாவது எலும்பு) மேல்பகுதியை எடுத்துவிட்டு, ஒலியைக் கடத்த அந்த இடத்தில் குட்டி பிஸ்டன் வைக்கும்போது, பெரும்பாலும் நரம்பை ஒதுக்க வேண்டியிருக்கும். அறுபடவே வேண்டாம், இழுபட்டாலே சுவை மாறலாம்.

பலருக்குச் சில மாதங்களில் சரியாகிவிடுமாம். எனக்கு இது எட்டாவது மாதம். ஃபில்டர் காபி திரும்பிவிட்டது. உப்புதான் இன்னும் பிடிபடவில்லை. சாம்பார் கொதிக்கும்போது மகளைக் கூப்பிட்டு ருசி பார்க்கச் சொல்கிறேன். காது நன்றாகக் கேட்கிறது. காது ஆபரேஷனுக்குப் போகிறவர்கள், சுவை மாறுமா என்று டாக்டரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

நேற்று மெரினாவில் மாங்காய்ப் பத்தை வாங்கினேன். இடது ஓரத்தில், லேசாக, புளித்தது.