சி1 அட்வான்ஸ்டு: ‘டேக்’ என்ற சொல்லை வாலோடு படியுங்கள்

கேம்பிரிட்ஜின் உயர்நிலை ஆங்கிலத் தேர்வான சி1 அட்வான்ஸ்டின் முடிவு வந்துவிட்டது. 193 புள்ளிகளைத் தொட்டால் ‘பி’ கிரேடு. தொட்டுவிட்டேன், இனி நிம்மதியாகத் தூங்கலாம். தேர்வின் அமைப்பை விளக்கப்போவதில்லை. அது தெரியாதவர் இதைப் படிக்க வந்திருக்க மாட்டார். கேட்டல், பேசுதல் பற்றிச் சொல்லவும் என்னிடம் சரக்கு இல்லை. என்னைக் கரையேற்றியது யூஸ் ஆஃப் இங்கிலீஷ் என்னும் இலக்கண, சொல்வளப் பிரிவு. அதிலும், ஒரு வாக்கியத்தைத் தரப்பட்ட சொல்லைக் கொண்டு மாற்றி எழுதும் நான்காம் பகுதி. அதிலும் வினைச்சொற்களைப் படித்த விதம். அதை ‘டேக்’ என்ற ஒரு சொல்லை வைத்தே சொல்கிறேன். ‘கெட்’, ‘புட்’, ‘செட்’ ஆகியவற்றுக்கும் இதே வழிதான்.

முதலில் என் வயிற்றெரிச்சல். பயிற்சி வகுப்பில் நீளமான ஒரு பட்டியலைக் கொடுத்தார்கள். இடப்பக்கம் ஆங்கிலத் தொடர், வலப்பக்கம் தமிழில் ஒற்றைச் சொல். ‘டேக் ஆஃப்’ என்றால் கழற்று. ‘டேக் இன்’ என்றால் உள்வாங்கு. முடிந்தது கதை. ஆனால் விமானம் கிளம்புவதும் ‘டேக் ஆஃப்’தான். புதிதாகத் தொடங்கிய தொழில் சூடுபிடிப்பதும் அதுதான். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ஒருவரைப்போல் நடித்துக் கேலி செய்வதும் அதுவே. ‘டேக் இன்’ இன்னும் மோசம்: படித்ததைப் புரிந்துகொள்வது, போக்கிடம் இல்லாதவரை வீட்டில் சேர்த்துக்கொள்வது, தொளதொளவென்ற சட்டையைப் பிடித்துத் தைப்பது, செயப்பாட்டில் வந்தால் ஏமாந்துபோவது. இத்தனையையும் ஒற்றைச் சொல்லில் அடைத்துத் தந்தவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அந்தப் பட்டியல் பயன்படாததற்கு வேறொரு காரணமும் உண்டு. நான்காம் பகுதியில் பொருளை அவர்களே கொடுத்துவிடுகிறார்கள்! முதல் வாக்கியமே பொருள்தான். நம்மிடம் கேட்பது, அதே பொருளை அவர்கள் தரும் சொல்லைக் கொண்டு எப்படிக் கட்டுவது என்பது மட்டுமே. ஆறு கேள்விகள், கேள்விக்கு இரண்டு மதிப்பெண். யூஸ் ஆஃப் இங்கிலீஷுக்கான 28 மதிப்பெண்ணில் 12 இங்கேயே இருக்கிறது. ஒவ்வொரு விடையையும் இரண்டு பாதிகளாகப் பிரித்துத் திருத்துகிறார்கள். பெரும்பாலும் ஒரு பாதியில் வினைச்சொல் இருக்கும், மறுபாதியில் அதன் வால் இருக்கும். வால் என்று நான் சொல்வது வினைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் பிரிபொசிஷன் (‘இன்’, ‘ஆஃப்’, ‘ஆன்’ போன்ற சிறு சொல்), ‘இட்’, ‘தட்’, ‘இங்’ போன்றவற்றை.

அவன் வருவான் என்று நான் நினைத்துக்கொண்டேன் என்ற பொருளில் ஒரு வாக்கியம், தரப்பட்ட சொல் ‘கிராண்டட்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். விடை: ‘டுக் இட் ஃபார் கிராண்டட் தட்’. நடுவிலுள்ள அந்தச் சின்ன ‘இட்’ எந்தப் பட்டியலிலும் இருக்காது. தமிழில் யோசித்தால் தோன்றவும் தோன்றாது. அதேபோல் ‘அக்கவுண்ட்’ கொடுத்தால் இரண்டு வழிகள் உண்டு: ‘டேக் தி காஸ்ட் இன்டு அக்கவுண்ட்’, ‘டேக் அக்கவுண்ட் ஆஃப் தி காஸ்ட்’. இரண்டையும் கலந்து ‘டேக் இன்டு அக்கவுண்ட் ஆஃப்’ என்று எழுதினால் போச்சு. செய்தி கேட்டு அதிர்ந்துபோனாள் என்பதற்கு ‘வாஸ் டேக்கன் அபேக் பை’. இங்கே ‘பை’தான் வால்.

என் நோட்டில் பொருள்வாரியாக எதுவும் இல்லை, வால்வாரியாகவே பக்கங்கள்:

- ‘இன்’ பக்கம்: டேக் பார்ட் இன், டேக் பிரைட் இன், டேக் அன் இன்ட்ரஸ்ட் இன்
- ‘ஆஃப்’ பக்கம்: டேக் அட்வான்டேஜ் ஆஃப், டேக் ஸ்டாக் ஆஃப், டேக் சார்ஜ் ஆஃப்
- ‘ஆன்’ பக்கம்: டேக் பிட்டி ஆன், டேக் இட்ஸ் டோல் ஆன், டேக் இட் அவுட் ஆன்
- ‘அட்’ பக்கம்: டேக் ஆஃபென்ஸ் அட் (எனக்கு அகப்பட்டது இது ஒன்றே)
- ‘வித்’ பக்கம்: டேக் இஷ்யூ வித்
- ‘டு’ பக்கம்: டேக் எக்ஸெப்ஷன் டு, டேக் டு

கடைசிப் பக்கத்துக்கு சிவப்பு மையில் கோடு போடுங்கள். இந்த ‘டு’ வழக்கமான ‘டு கோ’, ‘டு ரன்’ வகை அல்ல. இதற்குப் பின்னால் வினை வந்தால் ‘இங்’ சேரும். காலையில் நடக்கும் பழக்கம் அவளுக்கு வந்துவிட்டது என்பது ‘ஷி டுக் டு வாக்கிங்’. ‘டுக் டு வாக்’ அல்ல.

அடுத்தது, நடுவில் வேறு சொல் நுழையப் பிரியும் வகையும் பிரியாத வகையும். கழற்று என்ற பொருளில் ‘டேக் இட் ஆஃப்’ சரி, ‘டேக் ஆஃப் இட்’ தவறு. ஆனால் சாயலில் ஒத்திருப்பதைச் சொல்லும் ‘டேக் ஆஃப்டர்’ பிரியவே பிரியாது. ‘டேக் ஆஃப்டர் ஹிம்’ மட்டுமே. ‘டேக் அப் தி ஆஃபர்’ என்பதில் ஆளைக் கொண்டுவந்தால் அமைப்பே மாறிவிடும்: ‘டேக் ஹெர் அப் ஆன் தி ஆஃபர்’. செயப்பாட்டிலும் கவனம் வேண்டும். ‘டேக் பிளேஸ்’ செயப்பாட்டில் வராது, ஆனாலும் ‘வாஸ் டேக்கன் பிளேஸ்’ என்று எழுதுகிறவர்கள் ஏராளம். ‘டேக் அட்வான்டேஜ் ஆஃப்’ வரும், வரும்போது ‘ஆஃப்’பையும் கூடவே இழுத்துக்கொண்டு வரும்.

தமிழிலிருந்து வரும் வழுக்கல் தனி. நாம் மருந்து சாப்பிடுகிறோம், தேர்வு எழுதுகிறோம், பஸ்ஸைப் பிடிக்கிறோம், பொறுப்பு ஏற்கிறோம், குறிப்பு எடுக்கிறோம். ஐந்துக்கும் ‘டேக்’ ஒன்றே போதும். கோடிட்ட இடத்தை நிரப்பும் முதல், இரண்டாம் பகுதிகளிலும் இது உதவும். இரண்டாம் பகுதியில் ‘டுக்’கா ‘டேக்கன்’னா என்பதையும் பார்த்து நிரப்புங்கள்.

மரபுத்தொடர்கள்? எழுத்துத் தாளின் கட்டுரையில் ‘டேக் தி புல் பை தி ஹார்ன்ஸ்’ போன்றவற்றைத் திணிக்காதீர்கள், படிக்கக் கூசும். ‘டேக் வித் எ பின்ச் ஆஃப் சால்ட்’ ஒரு விமர்சனத்தில் ஒரு முறை வரலாம், அவ்வளவுதான்.

இன்னொன்று, மதிப்பெண்ணுக்கு உதவாதது. ‘டேக்’ ஸ்காண்டிநேவியரின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்து, அதுவரை புழங்கிய ‘நிமன்’ என்ற பழைய ஆங்கிலச் சொல்லைத் துரத்திவிட்டது. ‘நம்ப்’, ‘நிம்பிள்’ இரண்டும் அந்த ‘நிமன்’ குடும்பத்தின் மிச்சம். இப்படி எதையாவது துருவாமல் எனக்குப் படிப்பு ஏறாது. அட்டை விளையாட்டும் கூட்டுப் படிப்பும் எனக்கு ஒத்துவராது; தனியாக உட்கார்ந்து, ஒவ்வொரு வாலுக்கும் முழு வாக்கியம் ஒன்றைக் கையால் எழுதினேன். கூட்டத்தோடு படித்தால்தான் ஏறும் என்பவர் வேறு யாரையாவது கேளுங்கள்.

தேர்வறைக்கு:

- விடை மூன்று முதல் ஆறு சொற்கள், தரப்பட்ட சொல்லையும் சேர்த்து.
- அந்தச் சொல்லின் வடிவத்தை மாற்றக் கூடாது.
- ‘டிடின்ட்’ இரண்டு சொல்லாகக் கணக்கு. ‘கான்ட்’ மட்டும் ஒன்று.
- தவறுக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. வினை தெரிந்து வால் தெரியாவிட்டாலும் ஏதாவது ஒரு பிரிபொசிஷனைப் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.